மார்க் சரிதான், டைமிங்?

டீசல் கார் வைத்திருக்கிற நண்பர்களிடம் "டைமிங் பெல்ட் எப்போ மாத்துனீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "போன சர்வீஸ்லயே மாத்தியாச்சு". இன்னொன்று, "அப்படின்னா என்ன?" இதற்கு அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. மாத்தின பிறகு டைமிங்கைச் செக் பண்ணினார்களா?

மே மாதம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மும்பையிலிருந்து காரிலேயே ஊருக்குக் கிளம்புகிற குடும்பங்கள் செம்பூர், மாட்டுங்கா, தாராவி பக்கம் நிறைய. புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று திருநெல்வேலி போய்ச் சேர ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் டயர் பார்ப்போம், ஆயில் மாத்துவோம், பேட்டரி பார்ப்போம். பெல்ட்டை மட்டும் யாரும் பார்ப்பதில்லை, அது ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் இருப்பதால். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, பேங்க்கில் வேலை பார்க்கிறவன். குர்லாவில் நின்று கண்ணால் பார்த்ததையும், அதற்குப் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன்.

முதலில் இந்த பெல்ட் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

இஞ்சினுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்ட். பக்கத்தில் டீசலை அழுத்தி அனுப்புகிற பம்ப். இந்த மூன்றையும் பல் வைத்த ஒரே ரப்பர் பெல்ட் கட்டிப்போட்டு ஓட்டுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, பம்ப்பும் ஒரு சுற்று. இந்தக் கணக்கு எப்போதும் தப்பக் கூடாது.

பெட்ரோல் இஞ்சினில் தீ வைப்பது ஸ்பார்க் பிளக். டீசலில் அது கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து 20 மடங்குக்கு மேல் அமுக்கினால் அது தானாகவே கொதித்துப் போகும். அந்த நேரம் பார்த்து டீசலைப் பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ஆக, பழைய டீசல் இஞ்சினில் பம்ப் எப்போது பீய்ச்சுகிறதோ அதுதான் டைமிங். கொஞ்சம் முந்தினால் "டக் டக்" என்று கடினமான தட்டல் சத்தம். கொஞ்சம் பிந்தினால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம், வெள்ளைப் புகை, மேட்டில் இழுவை இல்லாமை.

எவ்வளவு நுணுக்கம் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்றால் செகண்டுக்கு 50 சுற்று, அதாவது 18,000 டிகிரி. ஒரு டிகிரி என்பது ஒரு செகண்டில் 18,000-ல் ஒரு பங்கு. இதைத்தான் ஒரு ரப்பர் பெல்ட்டும் நாலு போல்ட்டும் கட்டிக் காக்கின்றன.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. டீசலில் இப்படி அமுக்குவதற்காக பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே விடமாட்டார்கள். பெல்ட் போனால் கேம் நின்றுவிடும், கிராங்க் நிற்காது. பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கிற வால்வை இடிக்கும். வால்வு வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டும், செலவு பல ஆயிரங்களில் நிற்கும். அதனால்தான் கிலோமீட்டர் கணக்கோ வருஷக் கணக்கோ எது முதலில் வருகிறதோ அப்போது மாத்தச் சொல்கிறார்கள். ஆனால் பெல்ட்டை மாத்துகிற நாளில்தான் அந்த மூன்றின் கணக்கும் கலைக்கப்படுகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. அறுந்து போகாமல் இருக்க மாத்துகிறோம். மாத்தும்போது கலைந்ததைச் சரிபார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நான் இதைக் கற்றுக்கொண்டது 2012-இல். அப்போது என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய டாட்டா இண்டிகா, டீசல். (மும்பையில் அப்போது செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "2005 ஜூலை 26 அன்னிக்கு வண்டி எங்க நின்னுச்சு?" என்பதுதான். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. குர்லாவில் மித்தி நதி ரோட்டுக்கு வந்துவிட்டது. நல்ல வேளை, என் வண்டி அன்று நின்றது நாசிக்கில்.) ஏப்ரலில் பெல்ட் மாத்தினேன். மே இரண்டாவது வாரம் அம்மாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மும்பையில் கண் ஆபரேஷன் முடிந்து, "ரயிலு குலுக்கும், வண்டியிலயே கூட்டிட்டுப் போ" என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். கூட மனைவியும் இரண்டு பிள்ளைகளும்.

பெல்ட் மாத்திய கராஜ் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பையன் நன்றாகத்தான் வேலை செய்தான். புது பெல்ட், புது டென்ஷனர், பழையதைக் கையில் கொடுத்தான், பில்லும் கொடுத்தான். வண்டி ஸ்டார்ட் ஆனது. முன்பைவிடச் சத்தம் குறைவு. "தேக்கோ சாப், ஏக்தம் ஸ்மூத்" என்றான்.

அந்தச் சத்தக் குறைவுதான் எனக்குப் பிடிபடவில்லை. காலையில் ஸ்டார்ட் ஆக இரண்டு மூன்று தடவை சுற்ற வேண்டியிருந்தது. ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிஷம் வெள்ளைப் புகை. ஃப்ளைஓவர் ஏற மூன்றாவது கியர் கேட்டது. நான் ஒவ்வொரு தடவை டீசல் போடும்போதும் கிலோமீட்டரை நோட்டில் எழுதுகிறவன் (பேங்க் புத்தி!). லிட்டருக்கு 17-க்குக் குறையாமல் கொடுத்த வண்டி அடுத்தடுத்த இரண்டு டாங்கில் 15-ஐத் தாண்டவில்லை. திரும்பவும் கராஜுக்குப் போனேன். கவரைக் கழற்றிக் காட்டினான். மூன்று மார்க்கும் நேருக்கு நேர். "மார்க் சப் பராபர் ஹை சாப். ஏ.சி. போட்டு ஓட்டுறீங்க, அதான் மைலேஜ் குறையுது."

மார்க் சரியாகத்தான் இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை.

ஆபீஸில் ஒருவர் குர்லாவில் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். நம்ம ஊர்க்காரர், தாராவியில் வீடு, பிரீமியர் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் கடை. குர்லா என்றால் நமக்கெல்லாம் கோயம்புத்தூர் எக்ஸ்பிரஸ் கிளம்புகிற டெர்மினஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் மும்பை மோட்டார் தொழிலுக்கு அது தாய்வீடு மாதிரி. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸின் தொழிற்சாலை இருந்தது குர்லாவில்தான். மும்பை டாக்ஸியாக ஓடிய ஃபியட், பிறகு 1970-களில் பேர் மாறி வந்த பிரீமியர் பத்மினி, எல்லாம் அங்கே பிறந்தவை. 1990-களில் ஃபியட் ஊனோவும் 2001-இல் பாலியோவும் அதே குர்லாவில் இருந்துதான் வந்தன. அப்புறம் ஃபியட் புனே பக்கம் ரஞ்சன்காவ்ன் போய்விட்டது. பிரீமியர் இருந்த இடத்தில் இப்போது கோஹினூர் சிட்டி என்று கட்டடங்கள் நிற்கின்றன. பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரோடு மும்பை ரோட்டை விட்டுப் போயிற்று. தொழிற்சாலை போனாலும் அதைச் சுற்றி வளர்ந்த கை வேலை போகவில்லை. எல்.பி.எஸ். மார்க் சந்துகளில் கராஜ்கள், சி.எஸ்.டி. ரோட்டில் பழைய பார்ட்ஸ் கடைகள் என்று இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நம்ம அண்ணாச்சி பத்மினியில் தொழில் படித்தவர். பத்மினி பெட்ரோல் வண்டி, பெல்ட் கிடையாது, செயின். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் லேசாகத் திருப்பி, காதால் கேட்டே டைமிங் வைத்துவிடுவார்களாம். "அப்ப நீங்க காதாலயே பாத்துருவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பெட்ரோலுக்குத்தான் தம்பி காது. டீசலுக்கு காதை நம்பக்கூடாது. டைமிங் பிந்திப்போச்சுன்னா சத்தம் நல்லா சாஃப்டா இருக்கும். வண்டிக்காரரு சந்தோசமா வீட்டுக்குப் போயிருவாரு. புகையும் மைலேஜும் பின்னாடிதான் காட்டிக் குடுக்கும்."

மறுநாள் காலையில் இஞ்சின் ஆறின வண்டியாகக் கொண்டு வரச் சொன்னார். அதனால் ராத்திரியே கடையில் விட்டுவிட்டு வந்தேன். காலையில் அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க உதவும்.

முதலில் வண்டி நியூட்ரல், ஹேண்ட் பிரேக், பேட்டரி ஒயர் கழற்றி வைத்தாயிற்று. அடுத்து நாலு ஹீட்டர் பிளக்கையும் கழற்றினார். அவ்வளவு அமுக்கம் இருக்கிற இஞ்சினைக் கையால் சுற்றுவது கஷ்டம். பிளக்கைக் கழற்றினால் காற்று வெளியே போய்விடும், ஸ்பானரால் லேசாகச் சுற்றலாம்.

கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இஞ்சின் ஓடுகிற திசையிலேயே முழுதாக இரண்டு சுற்று. ஏன் இரண்டு என்று கேட்டேன். ஒரு சுற்றில் கேம் பாதிதான் சுற்றியிருக்கும், மார்க் எதிர்ப்பக்கம் நிற்கும். இரண்டு சுற்று முடிந்தால்தான் எல்லாம் பழைய இடத்துக்கு வரும். பின்பக்கமாகச் சுற்றவே மாட்டேன் என்றார். பின்னால் சுற்றினால் பெல்ட்டின் தொய்வு டென்ஷனர் இல்லாத பக்கம் போய், பல் தாண்ட வழி உண்டு. சுற்றும்போது எங்காவது கெட்டியாக இடித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கைக்கு அந்த இடி தெரியும், செல்ஃப் மோட்டாருக்குத் தெரியாது. அதனால்தான் பெல்ட் மாட்டியதும் சாவியைத் திருப்பிப் பார்க்கிற மெக்கானிக்கைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

இரண்டு சுற்று முடிந்தது. கிராங்க், கேம், பம்ப் மூன்று மார்க்கும் நேர். ஒரு பல் தாண்டியிருந்தால் எவ்வளவு வித்தியாசம் வரும் தெரியுமா? உதாரணத்துக்கு கேம் புல்லியில் 40 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் 9 டிகிரி, கிராங்க் கணக்கில் 18 டிகிரி. அப்படி இருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். என் வண்டியில் அது இல்லை.

பெல்ட்டை நடுவில் இரண்டு விரலால் பிடித்து முறுக்கிப் பார்த்தார். நீளமான பக்கத்தில் ஏறக்குறைய கால் சுற்று முறுக வேண்டும், அதற்கு மேல் முறுகினால் தொய்வு, முறுகவே இல்லை என்றால் டைட். இது பழைய ஆட்களின் கைக்கணக்கு. கம்பெனி சொல்லும் முறை இருந்தால் அதுதான் கணக்கு என்றும் சொன்னார். அதுவும் சரியாக இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கு, அப்ப என்னதான் கோளாறு?" என்றேன்.

"மார்க் சரியா இருக்குன்னா மார்க் சரியா இருக்குன்னுதான் தம்பி அர்த்தம். டைமிங் சரின்னு அர்த்தம் இல்ல, பாத்துக்கிடுங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு பி.காம். முதல் வருஷம் ஞாபகம் வந்தது. டிரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தம் இல்லை என்று வாத்தியார் மண்டையில் அடித்துச் சொல்லித் தருவார். டெபிட்டும் கிரெடிட்டும் சேர்ந்தே எழுதாமல் விட்ட என்ட்ரி எத்தனை இருந்தாலும் டிரயல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகும். அதைக் கண்டுபிடிக்க வவுச்சரைத்தான் பார்க்க வேண்டும்.

இஞ்சினில் அந்த வவுச்சர் எது என்றால், பம்ப்பின் உடம்பு. பெல்ட்டில் இருக்கிற மார்க், பம்ப்பின் பல் சக்கரம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். ஆனால் பம்ப்பைப் பிடித்திருக்கிற போல்ட் ஓட்டைகள் வட்டமாக இருக்காது, நீள ஓட்டை. பம்ப்பின் உடம்பையே கொஞ்சம் முன்னும் பின்னும் திருப்பி டைமிங்கை நுணுக்கமாக வைப்பதற்காக அப்படி. உடம்பு நகர்ந்தால் சக்கரத்து மார்க் அப்படியே இருக்கும், பீய்ச்சுகிற நேரம் மாறிவிடும். அண்ணாச்சி டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பின் ஓரத்திலும் அதைத் தாங்குகிற பிராக்கெட்டிலும் ஒரு கோடு கீறியிருந்தது. இரண்டு கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நூல் விலகி இருந்தது. பெல்ட் மாட்ட வசதியாக யாரோ பம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பிறகு உத்தேசமாக இறுக்கியிருக்கிறார்கள். அதிலும் ஒரு போல்ட் ஸ்பானர் வைத்ததும் அரைச் சுற்று சுற்றியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 1,600 கிலோமீட்டர், கண்டாலா காட், கம்பட்கி காட், வண்டியில் அம்மா, பிள்ளைகள்.

கோட்டைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். அது பழைய பெல்ட் காலத்துக் கோடு, அதை நம்பி விடமாட்டேன், அளந்துதான் பார்ப்பேன் என்று டயல் கேஜை எடுத்தார்.

இந்த ரக ரோட்டரி பம்ப்பின் தலையில் நாலு பைப்புக்கும் நடுவில் ஒரு சின்ன பிளக் இருக்கும். அதைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைப் பொருத்தினால், உள்ளே பிளஞ்சர் எவ்வளவு நகர்கிறது என்பது முள்ளில் தெரியும். குளிர் நேரத்து அட்வான்ஸ் லீவர் உள்ள பம்ப்பாக இருந்தால் அது ஆஃப் நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். இஞ்சினை ஓடுகிற திசையில் மெதுவாகச் சுற்றி, முள் எல்லாவற்றுக்கும் கீழே போய் அசையாமல் நிற்கிற இடத்தில் கேஜை ஸீரோ வைத்தார். அங்கிருந்து முதல் சிலிண்டரின் மார்க் வரை மெல்லச் சுற்றினார். அந்த இடத்தில் முள் காட்டுகிற அளவைக் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிற அளவோடு ஒப்பிட வேண்டும். அளவு இஞ்சினுக்கு இஞ்சின் மாறும். பேச்செல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்தான். எங்கள் வண்டியில் முள் போக வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பிளஞ்சர் எழ வேண்டிய அளவு எழவில்லை. அப்படியென்றால் டைமிங் பிந்தியிருக்கிறது.

பைப் நட்டுகளை முதலில் தளர்த்தினார். அதைச் செய்யாமல் பம்ப்பைத் திருப்பினால் பைப் முறுக்கிக்கொண்டு பின்னால் வெடிக்கும். பம்ப்பை ஒரு முடியளவு திருப்பினார். போல்ட்டை இறுக்கினார். திரும்பவும் இரண்டு சுற்று, திரும்பவும் ஸீரோ, திரும்பவும் அளவு. இறுக்கும்போது பம்ப் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி தளர்த்தி, மறுபடி திருப்பி, மறுபடி அளவு. மூன்றாவது தடவைதான் அவருக்குத் திருப்தி. பிளக்கைப் புது காப்பர் வாஷர் போட்டு மூடினார், பைப்புகளை இறுக்கினார், ஏர் எடுத்தார். வேலைக்கு இரண்டு மணி நேரம். வாங்கினது 600 ரூபாய்.

ஸ்டார்ட் பண்ணியதும் பழைய கரகரப்புச் சத்தம் வந்தது. இண்டிகா சத்தம் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான் :-)

கிளம்புவதற்கு முன் வாஷி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போய் வந்ததும் இஞ்சின் ஆறிய பிறகு பம்ப் போல்ட்டுகளைத் திரும்பவும் இறுக்கிப் பார்த்தார், டீசல் எங்கும் கசியவில்லை என்று துணியால் துடைத்துப் பார்த்தார். அந்தப் பயணத்தில் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு ராத்திரி தங்கி, மூன்றாம் நாள் மத்தியானம் அம்மாவை வீட்டு வாசலில் இறக்கினேன். மைலேஜ் பழையபடி 17.

இப்போதைய டீசல் இஞ்சின்களில் இந்த டயல் கேஜ் வேலை கிடையாது. காமன் ரெயில் வந்த பிறகு பம்ப் அழுத்தத்தை மட்டும்தான் உண்டாக்குகிறது. எப்போது பீய்ச்ச வேண்டும் என்பதை கிராங்க் சென்சாரையும் கேம் சென்சாரையும் பார்த்து கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஸ்விஃப்டில் வந்த 1.3 மல்டிஜெட் போன்றவற்றில் பெல்ட்டுக்குப் பதில் செயின். மாருதி 2020 ஏப்ரலில் டீசல் காரையே விட்டுவிட்டது. ஆனால் பெல்ட் உள்ள டீசல்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன, ரெனோ டஸ்டர் ஒரு உதாரணம். அவற்றிலும் கேமும் கிராங்கும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது மாறவில்லை. லாக் பின் போட்டு மாட்டுவது, பின்னை எடுத்துவிட்டு கையால் இரண்டு சுற்று சுற்றித் திரும்பவும் பின் நுழைகிறதா என்று பார்ப்பது, கடைசியில் ஸ்கேனரில் எரர் இல்லை என்று பார்ப்பது, இவ்வளவும் உண்டு. ஸ்கேனர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்கேனர் பார்ப்பதற்கு இஞ்சின் ஓட வேண்டும், தப்பாக மாட்டியிருந்தால் அதற்குள் வால்வு வளைந்திருக்கும்.

பெல்ட் மாத்தக் கொடுக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் நாலு விஷயம் கேளுங்கள். சாவி போடும் முன் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தீர்களா? பம்ப் போல்ட்டைத் தொட்டீர்களா? தொட்டிருந்தால் கேஜ் வைத்து அளந்தீர்களா, அளவு எவ்வளவு? டென்ஷனரும் வாட்டர் பம்ப்பும் பார்த்தீர்களா? (வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் சேர்த்து மாத்திவிடுவது நல்லது, அது மாட்டிக்கொண்டால் புது பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.) கேட்டால் கோபப்படுகிறவர் இருப்பார், பரவாயில்லை. கேஜ் இல்லாத கடையாக இருந்தால் டீசல் பம்ப் மட்டும் பார்க்கிற கடையில் அளந்துகொள்ளலாம், எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும்.

அளந்த அளவையும் கிலோமீட்டரையும் தேதியையும் பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெல்ட்டின் விலை பில்லில் எப்படியும் இருக்கும். சரிபார்த்தது நாம் கேட்டால்தான் எழுதப்படும். பேங்க்கில் ஒருவர் எழுதிய வவுச்சரை இன்னொருவர் பார்த்து இனிஷியல் போடாமல் பாஸ் ஆகாது. ஐந்து பேர் உட்கார்ந்து 1,600 கிலோமீட்டர் போகிற வண்டிக்கு அந்த இனிஷியலைக் கேட்பதில் தப்பில்லை.

இந்த மே மாதம் காரில் ஊருக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் யாரும் மூன்றாவது தடவை அளக்க மாட்டார்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்.